நற்பெயர் காத்தல்: தேடுபொறி வரிசையும் வலைத்தளக் காப்பும்

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்பியவர் முன்னாளில் அவ்வூருக்கே சென்றார், கல்வெட்டைக் கண்டார், முதியோரை வினவினார், நூலகத்தில் அமர்ந்து ஏடு புரட்டினார். இந்நாளில் அவர் கைப்பேசியில் ஊர்ப்பெயரைத் தட்டச்சுச் செய்கிறார். முதற்கண் தோன்றும் நான்கைந்து விடைகளே அவருக்கு அவ்வூராகின்றன. ஆறாவது விடையில் உண்மை உறங்கிக் கிடப்பினும் அதனை எழுப்புவார் அரியர்.

நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக் கரையில் அமைந்த மோகனூரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் கவிஞர் என நாடு போற்றும் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் பிறந்தது இவ்வூரிலேயாம். கவிஞரின் வாழ்வையும் நூல்களையும் ஒருவர் இணையத்தில் தேடும்போது, உழைத்துத் தொகுத்த நல்ல தளம் ஒன்று முன்வந்து நிற்குமாயின் அது கல்விக்கு ஆக்கம். அத்தளம் பின்தள்ளப்பட்டு, அவர் பெயரை வைத்து விளம்பரம் விற்கும் போலிப் பக்கம் ஒன்று முன்வருமாயின் அது கல்விக்குக் கேடு. அன்றாட வாழ்விலும் இதுவே நிலை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கென அறிவிக்கும் விலையைப் பண்ணையாளரும் வணிகரும் நாள்தோறும் தேடுகின்றனர். தேடலில் முதலிடம் பெறும் பக்கம் பிழையான விலையைக் காட்டினால் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வாறு தேடுபொறியின் வரிசையில் ஒரு தளத்துக்குரிய இடத்தைத் தீய நோக்குடன் கெடுப்பதைத் தேடல் வரிசைச் சீர்குலைப்பு எனலாம். அஃது எவ்வாறு நிகழ்கிறது, அதனின்று நம் தளங்களைக் காப்பது எவ்வாறு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரிசை அமையும் முறை

நோயின் முதல் அறியாமல் மருந்து கூறுதல் இயலாது. ஆதலின் தேடுபொறி பக்கங்களை எவ்வாறு வரிசைப்படுத்துகிறது என்பதை முதலில் அறிவோம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998 ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் கண்ட முறையின் சாரம் எளியது. ஒரு வலைப்பக்கம் மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுப்பது, அதற்கு நற்சான்று வழங்குவதை ஒக்கும். மதிப்புமிக்க பக்கங்களிலிருந்து மிகுதியான சான்று பெற்ற பக்கம் வரிசையில் முன்னிற்கும். இன்று வரிசையை முடிவு செய்யும் கூறுகள் பலவாக வளர்ந்துவிட்டன. எனினும் இணைப்பு என்னும் சான்றுக்கு இன்னும் இடமுண்டு.

தமிழ் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளாமல் பிறர் வாயிலாகச் சிறப்புப் பாயிரம் பெறுவது நம் மரபு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரம் தந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய நூல்கள் பலவற்றின் முகப்பில் சாற்றுக்கவிகள் அணிவகுத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். சாற்றுக்கவி தந்தவர் யார் என்பதைக் கொண்டே நூலின் மதிப்பை அளந்தனர்.

நபிமொழித் தொகுப்புக் கலையை அறிந்தோர்க்கும் இது விளங்கும். இமாம் புகாரி (ரஹ்) முதலிய பேரறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தனர். ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்டனர். ஒருவர் மற்றவரைச் சந்தித்துக் கேட்டிருக்கக்கூடுமா என்பதையும் நோக்கினர். சொன்னவர் பலர் என்பதற்காகவே ஒரு செய்தியை ஏற்றுவிடவில்லை. சொன்னவர் யார் என்று பார்த்தனர். மேன்மையால் இரண்டும் ஒப்பன அல்ல; சான்றின் தகுதியை ஆராயும் முறையை விளக்கவே இதனைக் குறிப்பிட்டோம்.

சான்றுக்கு மதிப்புள்ள இடத்தில் பொய்ச்சான்றும் தோன்றும். இணையத்திலும் அதுவே நிகழ்ந்தது.

சீர்குலைப்பின் வகைகள்

சீர்குலைப்பை ஐந்து வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, தீய இணைப்பு. இழிந்தவர் ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்துவந்து நம் நூலுக்குச் சாற்றுக்கவி பாடச் செய்தால் நம் பெயர் என்னாகும்? அதுபோலச் சூதாட்டத் தளங்கள், போலி மருந்துத் தளங்கள் முதலியவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான இணைப்புகளை நம் தளத்தை நோக்கி ஏவுவது இவ்வகை. வெளியிலிருந்து தரும் இணைப்புகள் ஒரு பக்கத்தின் பெயரை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதற்கு 2003 ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. 'படுதோல்வி' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைப் பலர் தத்தம் பக்கங்களில் எழுதி, அதனை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவர்களின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துடன் இணைத்தனர். அத்தொடரைத் தேடியவர்க்கு அப்பக்கமே முதலிடத்தில் தோன்றியது. அப்பக்கத்தில் அச்சொற்கள் இல்லை என்பது கருதத்தக்கது. 2007 ஆம் ஆண்டு ஜனவரியில்தான் கூகுள் தன் கணிப்பு முறையைத் திருத்தி இத்தகைய விளையாட்டுகளின் வலிமையைக் குறைத்தது.

இரண்டாவது, படியெடுப்பு. நாம் உழைத்து எழுதியதை ஒருவர் அப்படியே எடுத்துத் தம் தளத்தில் இடுகிறார். தேடுபொறி ஒரே உரையைப் பல இடங்களில் கண்டால் அவற்றுள் ஒன்றை மட்டும் மூலமெனக் கொண்டு காட்டும். படியெடுத்தவரே மூலவராகக் கருதப்படும் நிலை சிற்சில வேளை நேர்வதுண்டு. நாமக்கல் கவிஞரின் நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவற்றை யாரும் வெளியிடலாம். ஆயின் அவற்றுக்கு நாம் எழுதும் முன்னுரையும் குறிப்புரையும் நம்முடையவை. அவற்றையும் சேர்த்து வாரிக்கொள்வதே தவறாகும்.

மூன்றாவது, பொய்ப்புகார். உரிமையாளர் ஒருவர் தம் ஆக்கம் திருடப்பட்டதாக முறையிட்டால், தேடுபொறி அத்திருட்டுப் பக்கத்தைத் தன் விடைகளிலிருந்து நீக்கும். அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் ஒன்று இதற்கு வழிவகுத்தது. திருட்டைத் தடுக்கவந்த இக்கருவியைக் கொண்டே நேர்மையானவரின் பக்கத்தை நீக்கச்செய்வாரும் உளர். பல கணக்குகளைத் தொடங்கி, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வலைமுகவரிகள் மீது பொய்ப்புகார் அளித்ததாகக் கூறிச் சிலர்மீது கூகுள் நிறுவனம் 2023 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது.

நான்காவது, உட்புகுதல். தளத்தின் கடவுச்சொல்லைக் கவர்ந்தோ, பழுதான மென்பொருளின் வழியாகவோ உள்ளே நுழைந்து, உரிமையாளர் அறியாவண்ணம் பக்கங்களைச் சேர்ப்பதும் மாற்றுவதும் இவ்வகை.

ஐந்தாவது, பெயர் இழப்பு. தளப்பெயருக்குரிய காலக் கட்டணத்தைச் செலுத்த மறந்தால், பிறர் அப்பெயரை வாங்கிவிடுவர். நாம் பல்லாண்டு ஈட்டிய நற்பெயரைக் கொண்டு அவர் தம் சரக்கை விற்பர்.

மெய்யான அச்சம் எது?

இவ்வைந்தனுள் முதல் வகையே மக்களைப் பெரிதும் அச்சுறுத்துகிறது. "பணம் அனுப்பாவிடில் உங்கள் தளத்தின்மீது தீய இணைப்புகளை ஏவிவிடுவோம்" என மிரட்டும் அஞ்சல்களுக்கு இவ்வச்சமே முதலீடு. இவ்வச்சத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2012 ஆம் ஆண்டு ஏப்ரலில் கூகுள் 'பெங்குவின்' எனப் பெயரிட்ட மாற்றத்தைக் கொணர்ந்தது. விலைக்கு வாங்கிய இணைப்புகளால் முன்னேறிய தளங்களை அது கீழே தள்ளியது. அவ்வாறாயின் பகைவன் நம் பெயரில் அவ்விணைப்புகளை வாங்கினால் நாமும் வீழ்வோமே என்னும் ஐயம் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 'இன்ன இணைப்புகளுக்கு நாம் பொறுப்பல்லோம்' எனத் தள உரிமையாளர் அறிவிக்கும் மறுப்புக் கருவியைக் கூகுள் வழங்கியது. 2016 செப்டம்பரில் பெங்குவின் மீண்டும் திருத்தப்பட்டது. அதன்பின் தீய இணைப்புகளுக்காகத் தளம் முழுவதையும் தண்டிப்பதைவிட, அவ்விணைப்புகளை மதிப்பற்றவையாகக் கொண்டு ஒதுக்குவதே பெரும்பான்மை வழக்காயிற்று. பெரும்பாலான தளங்களுக்கு மறுப்புக் கருவி தேவைப்படாது என்று கூகுளே கூறுகிறது. முதல் வகை ஆபத்து அறவே ஒழிந்தது எனத் துணிந்து கூறுதல் ஆகாது. எனினும் வெளியிலிருந்து வீசும் சேறு இன்று பெரும்பாலும் சுவரில் ஒட்டாமல் உதிர்ந்துவிடுகிறது எனலாம்.

மெய்யாக அஞ்சத்தக்கது நான்காவது வகையே. இதற்கு நம் நாட்டு நிகழ்ச்சியே சான்று. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் டெக்கிரஞ்ச் என்னும் அமெரிக்கச் செய்தித்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. பீகார், கோவா, கர்நாடகம், கேரளம், மிசோரம், தெலங்கானா முதலிய மாநிலங்களின் அரசு வலைமுகவரிகள் ஏறத்தாழ நான்கு டஜன், இணையவழிப் பந்தயத் தளங்களுக்கு வழிகாட்டிக் கொண்டிருந்தன என்பது அச்செய்தி. தேடுபொறியிலும் அவ்விணைப்புகள் இடம்பெற்றிருந்தன.

இங்கு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அவ்வாறு புகுந்தவர்க்கு அவ்வரசுகள்மீது பகை எதுவும் இருந்திருக்க வேண்டுவதில்லை. அரசு முகவரிக்குத் தேடுபொறியில் உள்ள மதிப்பே அவர்கட்கு வேண்டியிருந்தது. கல்வி நிறுவனங்களின் முகவரிகளுக்கும் அத்தகைய மதிப்புண்டு. எனவே, 'நமக்குப் பகைவர் யார் இருக்கிறார்கள்?' என்று கல்லூரிகள் கவலையற்றிருத்தல் பிழை. திருடன் பகையால் வருவதில்லை. திறந்த கதவைக் கண்டு வருகிறான்.

இவ்வகையுள் 'ஜப்பானியச் சொல் ஊடுருவல்' எனப்படுவது பலரும் கண்ட ஒன்று. தளத்தினுள் புகுந்தவர் ஜப்பானிய மொழியில் போலிச் சரக்கு விளம்பரப் பக்கங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்குகிறார். உரிமையாளர் தம் தளத்தைத் திறந்து பார்த்தால் வழக்கமான பக்கமே தெரியும். தேடுபொறி வந்து பார்க்கும்போது மட்டும் போலிப் பக்கங்கள் காட்டப்படும். தமிழ்த்துறையின் பெயரைத் தேடியவருக்கு அதன்கீழ் ஜப்பானிய எழுத்துகள் தோன்றும். பல திங்கள் கழித்து யாரேனும் ஒருவர் சொல்லித்தான் உரிமையாளருக்கே தெரியவரும்.

காக்கும் முறைகள்

காப்பு முறைகள் பெரும்பொருட் செலவையோ பெரும்புலமையையோ வேண்டுவன அல்ல; இடைவிடாக் கவனத்தையே வேண்டுவன.

1. உரிமையைத் துறையின் பெயரில் வைத்தல். தளத்தை அமைத்த மாணவர் பட்டம் பெற்றுச் செல்கிறார். கடவுச்சொல்லும் அவருடன் செல்கிறது. பேராசிரியர் ஓய்வு பெறுகிறார்; தளப்பெயர் அவருடைய தனி மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அடுத்த கட்டண அறிவிப்பு யாரும் திறவாத அஞ்சற்பெட்டிக்குச் செல்கிறது. தளப்பெயரும் வழங்கிக் கணக்கும் நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில் இருத்தல் வேண்டும். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தைப் போல இவையும் எழுத்துமூலம் ஒப்படைக்கப்படவேண்டும்.

2. மென்பொருளைப் புதுப்பித்தல். வேர்ட்பிரஸ் போன்றவற்றில் அமைந்த தளங்களில் மூல மென்பொருளையும் செருகுநிரல்களையும் உடனுக்குடன் புதுப்பித்தல் வேண்டும். பயன்படாத செருகுநிரலை நிறுத்திவைத்தல் போதாது, நீக்கிவிடவேண்டும். திருட்டுப் படியாக இலவசமாய்க் கிடைக்கும் வடிவமைப்புகளை நாடுதல் திருடனிடமே பூட்டு வாங்குவதை ஒக்கும்.

3. கடவுச்சொல். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் தனிக் கணக்கும் நீண்ட கடவுச்சொல்லும் வேண்டும். கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பையும் சேர்த்துக்கொண்டால் காப்பு உறுதிப்படும்.

4. காப்புப் படி. தளத்தின் முழுப்படியைக் குறித்த கால இடைவெளியில் எடுத்து, வழங்கிக்கு வெளியே வேறிடத்தில் வைத்தல் வேண்டும். அப்படியிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்பதையும் ஒருமுறை செய்து பார்த்தல் நன்று.

5. தேடுபொறியின் கண்கொண்டு நோக்குதல். கூகுள் இலவசமாக வழங்கும் சர்ச் கன்சோல் என்னும் கருவியில் தளத்தைப் பதிவு செய்தல் வேண்டும். எச்சொற்களைத் தேடி எத்தனைபேர் வந்தனர், எப்பக்கங்கள் பட்டியலில் உள்ளன, எத்தளங்கள் இணைப்புத் தந்துள்ளன, பாதுகாப்புக் குறை ஏதும் உண்டா என்பவற்றை அது காட்டும். அதில் உரிமையாளர் பட்டியலையும் பார்த்தல் வேண்டும். உட்புகுந்தவர் தம்மையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வதுண்டு. மேலும் தேடற்பெட்டியில் 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளியின்றித் தளப்பெயரை எழுதித் தேடினால் நம் தளத்துப் பக்கங்கள் மட்டும் வரிசையாக வரும். நாம் எழுதாத பக்கம் அங்குத் தோன்றினால் கதவு உடைபட்டது எனத் தெளியலாம்.

6. தடைக்குறிகளைச் சரிபார்த்தல். 'இப்பக்கத்தைப் பட்டியலிடாதே' எனத் தேடுபொறிக்குக் கூறும் குறி ஒன்றுண்டு. 'இத்தளத்தினுள் வாராதே' எனக் கூறும் 'ரோபோட்ஸ்' கோப்பும் உண்டு. ஒரே வரியை மாற்றினால் தளம் முழுவதும் தேடலிலிருந்து மெல்ல மறைந்துவிடும். வரிசை திடீரெனச் சரிந்தால் பகைவரைத் தேடுமுன் இவ்விரண்டையும் பார்த்தல் அறிவுடைமை. நம்மவர் கைப்பிழையாகவும் இஃது இருக்கக்கூடும்.

7. எழுத்துச் சான்று. கட்டுரையின் முதல் வரைவு, வெளியிட்ட நாள், ஆசிரியர் பெயர் ஆகியவற்றைப் பேணினால் படியெடுத்தாரையும் பொய்ப்புகார் அளித்தாரையும் எதிர்கொள்ளலாம். பொய்ப்புகாரால் பக்கம் நீக்கப்பட்டால் மறுப்பு மனு அளிக்கும் வாய்ப்பும் உண்டு.

துறையில் ஆர்வமுள்ள மாணவர் இருவர் வாரந்தோறும் கால் மணி நேரம் செலவிட்டு இவற்றைக் கண்காணித்து ஒரு பதிவேட்டில் குறித்துவந்தாலே பெருங்கேடுகள் பலவற்றை முளையிலேயே கிள்ளிவிடலாம்.

கேடு நேர்ந்தபின்

காப்பையும் மீறிக் கேடு நேரின் கலங்காது முறைப்படி செயற்படவேண்டும். வழங்கியின் வருகைப் பதிவுகளை அழிக்காமல் முதலில் படியெடுத்து வைத்தல் வேண்டும். குற்றத்துக்குச் சான்று அவையே. பின்னர்த் தளத்தைத் தற்காலிகமாக மூடி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, தூய காப்புப் படியிலிருந்து மீட்டு, எவ்வழியாகப் புகுந்தனர் என்பதைக் கண்டு அவ்வழியை அடைத்தல் வேண்டும். வழியை அடைக்காது பக்கங்களை மட்டும் அழித்தால் அவை மீண்டும் முளைக்கும். இறுதியில் சர்ச் கன்சோல் வாயிலாக மறு ஆய்வு வேண்டலாம். இழந்த இடம் உடனே மீளாது, நாட்கள் செல்லும்.

சட்டத்தின் துணையும் உண்டு. பிறர் கணினியில் இசைவின்றிப் புகுந்து கேடு செய்தல் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 43, 66 ஆம் பிரிவுகளின்கீழ் வரும். 66 ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு, இத்தகைய ஊடுருவல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு 2022 ஏப்ரல் 28 அன்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் முறையிடலாம். நற்பெயருக்கு இழுக்கு என நாணி மறைத்தல் கூடாது. மறைத்த புண்ணே புரையோடும்.

அறத்தின் கூறு

'பிறர் நமக்குச் செய்ததை நாமும் செய்தால் என்ன?' என்னும் எண்ணம் சிலருக்கு எழலாம். அன்றி, விலைக்கு இணைப்பு வாங்கி விரைவில் முன்னேறலாம் என ஆசை காட்டுவோரும் உளர். இவ்விரண்டும் பொய்ச்சான்றே. நம்மை உயர்த்த வாங்கும் போலி இணைப்புக்கும் பகைவனைத் தாழ்த்த வாங்கும் போலி இணைப்புக்கும் சரக்கில் வேறுபாடில்லை. இரண்டும் ஒரே கடையில் விற்பவை. அவதூறும் புறம்பேசுதலும் இஸ்லாம் வன்மையாகக் கண்டிக்கும் பாவங்கள். வள்ளுவரும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாவால் செய்யலாகாததை எந்திரத்தைக் கொண்டு செய்வது மட்டும் எங்ஙனம் ஆகும்?

முடிவுரை

1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் சங்க நூல் முதல் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வரை இணையத்தில் ஏற்றித் தந்துள்ளது. அத்தகைய தொண்டின் பயன், தேடுவோர் கைக்கு நூல் எட்டும்போதுதான் நிறைவுறும். எழுதி ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுதல், விளக்கேற்றி வைத்துவிட்டுக் காற்றுக்குக் கதவைத் திறந்து போடுவதை ஒக்கும்.

ஒரு தளத்தின்மேல் வாசகர் வைக்கும் நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் காக்க வெளியிலுள்ள பகைவரை எண்ணி அஞ்சுவதினும், நம் வீட்டுத் தாழ்ப்பாளை நாள்தோறும் தொட்டுப் பார்ப்பதே சிறந்தது. மோகனூர்க் கவிஞரைத் தேடும் மாணவன் ஒருவன் நாளை நம் துறையின் பக்கத்தைத் திறக்கும்போது அங்கே அவனுக்குக் கவிஞரே கிடைக்கவேண்டும்; சூதாட்டக்காரன் கிடைத்தல் கூடாது. அதற்குரிய பொறுப்பு நம்மைச் சார்ந்தது.